ஹார்ட் டிஸ்க் தூங்கி எழும்போது கணினி ஹேங் ஆகிறதா? கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

கணினியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டிருக்கிறீர்கள், அல்லது பிரவுசரில் மட்டும் ஏதோ படித்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு ஒரு ஃபைலைச் சேமிக்க ‘சேவ் ஆஸ்’ கொடுத்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை. டாஸ்க்பாரும் அசையவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம் மெல்ல ஏறி, ஒரே சீராக நிலைக்கிறது. ஏழெட்டு நொடி கழித்து, நீங்கள் அழுத்தியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறது. அதன்பிறகு கணினி வழக்கம்போல ஓடுகிறது.

அந்தச் சத்தம்தான் முக்கியமான தடயம். நின்றுபோயிருந்த ஹார்ட் டிஸ்க் மறுபடி சுழலத் தொடங்கும் சத்தம் அது. இதை ரேம் பற்றாக்குறை என்றோ வைரஸ் என்றோ நினைத்துப் பலர் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். போட்டாலும் இது போகாது. விண்டோஸின் ‘பேலன்ஸ்டு’ பவர் பிளானில், மின்இணைப்பில் இருக்கும்போது 20 நிமிடம் யாரும் தொடாத ஹார்ட் டிஸ்கை நிறுத்திவிடு என்பதுதான் இயல்பான அமைப்பு. புதிதாகப் போட்ட விண்டோஸும் அதே 20 நிமிடத்தோடுதான் வரும்.

ஒரு டிஸ்க் தூங்கினால் மொத்தக் கணினியும் ஏன் நிற்கிறது?

ஹார்ட் டிஸ்கின் உள்ளே இருக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுழல்பவை. நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்டி, படிக்கும் முனை தட்டின்மேல் வந்து நிலைகொள்ளும்வரை டிஸ்க் எந்தத் தகவலும் தராது. டெஸ்க்டாப்பில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்குக்கு இது சுமார் 6 முதல் 10 நொடி. லேப்டாப்பிலும் சிறிய எக்ஸ்டர்னல் டிரைவிலும் இருக்கும் 2.5 அங்குல டிஸ்குக்கு 3 முதல் 5 நொடி.

அத்தனை நேரமும், தகவல் கேட்ட புரோகிராம் காத்துக்கொண்டிருக்கும். காத்திருப்பது ஃபைல் எக்ஸ்ப்ளோரராக இருந்தால் தொல்லை பெரிது. ஏனென்றால் டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் பட்டன் எல்லாவற்றையும் நடத்துவது அதே எக்ஸ்ப்ளோரர்தான். அது நின்றால் கணினியே நின்றதுபோலத் தெரியும்.

“என் விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில்தானே இருக்கிறது, ஃபைலையும் அதில்தானே சேமிக்கிறேன், அப்புறம் ஏன்?” என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். (எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் தட்டுகளே இல்லாத டிரைவ்.) ‘ஓப்பன்’, ‘சேவ் ஆஸ்’ பெட்டிகளும் ‘திஸ் பிசி’யும் திறக்கும்போது கணினியில் இருக்கிற ஒவ்வொரு டிரைவிடமும் அதன் பெயரையும் மீதி இடத்தையும் கேட்கின்றன. உங்களுக்கு டி டிரைவில் ஒரு வேலையும் இல்லாவிட்டாலும், எக்ஸ்ப்ளோரர் அதை எழுப்பிவிடும். மூன்று டிஸ்குகள் இருந்து அவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தால், 8 நொடி 24 நொடியாகிவிடும். பழைய டிஸ்குகளை எல்லாம் சேர்த்து மாட்டி வைத்திருப்பவர்கள் இதனால்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

முதலில் இதுதானா என்று உறுதிசெய்யுங்கள்

எதையும் மாற்றும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

1. ஸ்டார்ட்டில் ‘எடிட் பவர் பிளான்’ என்று தேடித் திறங்கள். அதில் ‘சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்’ கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 11இன் புதிய செட்டிங்ஸ் பக்கத்தில் ஸ்கிரீன், ஸ்லீப் போன்றவற்றுக்கு மட்டுமே நேரம் கேட்கும், ஹார்ட் டிஸ்குக்கு அங்கே இடமில்லை. இந்தப் பழைய பெட்டிக்குத்தான் வர வேண்டும்.

2. ‘ஹார்ட் டிஸ்க்’ வரிக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறியை விரித்து, ‘டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்’ என்பதில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை 1 நிமிடம் ஆக்குங்கள். ‘அப்ளை’ கொடுங்கள்.

3. ஹார்ட் டிஸ்கில் இருந்து திறந்த ஃபைல்களையெல்லாம் மூடிவிட்டு, சில நிமிடம் கணினியைத் தொடாமல் இருங்கள். டிஸ்க் நிற்கும்போது சத்தம் இறங்கி அடங்குவது கேட்கும். கேட்கவில்லையென்றால் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், மெல்லிய அதிர்வு நின்றிருக்கும்.

4. டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியை முன்கூட்டியே திறந்து அந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். இப்போது அந்த டிரைவில் உள்ள ஒரு ஃபோல்டரைத் திறங்கள்.

நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற அதே ஹேங், அதே நொடிக்கணக்கில் வந்தால் விடை கிடைத்துவிட்டது. டாஸ்க் மேனேஜர் உறைந்துபோகாமல் இருந்தால், ‘ஆக்டிவ் டைம்’ 100 சதவீதத்தில் நிற்க, படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யமாக இருப்பதைப் பார்க்கலாம். டிஸ்க் வேலை செய்யவில்லை, ஆனால் ஒரு கோரிக்கை அதற்காகக் காத்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ சாதாரணமாக 5 முதல் 20 மில்லிநொடிக்குள் இருக்கும். எழும் நேரத்தில் அது ஆயிரக்கணக்கில் ஏறும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க் இருந்து, எது குற்றவாளி என்று தெரியாவிட்டால் பெட்டியைத் திறந்து ஒயரைப் பிடுங்கத் தேவையில்லை. ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். கீழே இடது ஓரத்தில் ‘டிஸ்க் 1’, ‘டிஸ்க் 2’ என்று எழுதியிருக்கும் கட்டத்தின்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஆஃப்லைன்’ கொடுங்கள். உள்ளிருக்கும் தகவலுக்கு ஒன்றும் ஆகாது, விண்டோஸ் அந்த டிஸ்கைக் கண்டுகொள்ளாமல் இருக்கும், அவ்வளவுதான். அப்படியே ஒரு நாள் வேலை பாருங்கள். ஹேங் வரவில்லையென்றால் அந்த டிஸ்க்தான். திரும்ப ‘ஆன்லைன்’ கொடுத்தால் பழையபடி வந்துவிடும். சி டிரைவ் இருக்கும் டிஸ்கிலும், பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) வைத்திருக்கும் டிஸ்கிலும் இந்தச் சோதனை வேண்டாம்.

சாகப்போகும் டிஸ்கைத் தூங்கும் டிஸ்க் என்று நினைத்துவிடாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றில் சில நொடிகள்தான் நஷ்டம், மற்றொன்றில் உங்கள் ஃபைல்களே போய்விடும்.

தூக்கத்தால் வரும் ஹேங், சும்மா இருந்த இடைவெளிக்குப் பிறகு மட்டும் வரும். ஒரே டிஸ்க் என்றால் 15 நொடிக்குள் முடியும். ஒருமுறை எழுந்த டிஸ்க் அடுத்த இடைவெளிவரை தொல்லை தராது. மாறாக, ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஹேங் ஆனாலோ, 30 நொடி, ஒரு நிமிடம் என்று நீண்டாலோ, ‘டக்... டக்...’ என்று ஒரே இடைவெளியில் தட்டும் சத்தம் வந்தாலோ, டிஸ்க் சுழலத் தொடங்கி அடங்கி மறுபடி சுழல முயன்றாலோ, வேறெதையும் செய்யாமல் முதலில் ஃபைல்களை வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள். சோதனை மென்பொருளையெல்லாம் அதன்பிறகு ஓட்டலாம்.

நகல் எடுத்தபின் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளை நிறுவி, டிஸ்க் தானே பதிந்து வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்குகளைப் பாருங்கள். அதில் ‘ரா வேல்யூ’ இயல்பாகவே பதினாறடிமான எண்ணாக (இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்தது) வரும். ‘ஃபங்ஷன்’, ‘அட்வான்ஸ்டு ஃபீச்சர்’, ‘ரா வேல்யூஸ்’ வழியாகப் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இராது.

‘05’ என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (டிஸ்கில் தகவல் எழுதப்படும் சிறு பகுதிகள்) எண்ணிக்கை. ‘சி5’ வரி, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள். இரண்டும் பூஜ்யமாக இருப்பதே நல்லது. வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்கை நம்ப வேண்டாம். ‘0ஏ’ என்பது முதல் முயற்சியில் சுழல முடியாமல் மறுபடி முயன்ற தடவைகள். நம் பிரச்சினைக்கு மிக நெருக்கமான வரி இதுதான். இது பூஜ்யத்தைத் தாண்டினால், மோட்டார் தளர்ந்திருக்கலாம், அல்லது மின்சாரம் போதாமல் இருக்கலாம். ‘சி7’ ஏறினால் பெரும்பாலும் டேட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றினால் ஏறுவது நின்றுவிடும், ஏற்கெனவே பதிந்த எண் மட்டும் அப்படியே இருக்கும்.

ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் நிகழ்வுகளையும் பிழைகளையும் பதிந்து காட்டும் செயலி) ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’ பகுதியையும் பாருங்கள். ஹேங் ஆன அதே நிமிடத்தில் 129 (சாதனம் ரீசெட் செய்யப்பட்டது), 153 (கோரிக்கை மறுபடி அனுப்பப்பட்டது), 7 (கெட்ட பிளாக்) ஆகிய எண்களோடு பதிவுகள் இருந்தால், அது வெறும் தூக்கமில்லை. தூங்கி ஒழுங்காக எழுந்த டிஸ்க் அங்கே எந்தப் பதிவையும் விடாது.

தீர்வு: விண்டோஸின் நேரத்தை மாற்றுவது

சோதனைக்குத் திறந்த அதே இடம்தான். ‘டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்’ என்பதில் 0 என்று அடித்தால் அது ‘நெவர்’ ஆக மாறும். ‘அப்ளை’, ‘ஓகே’. லேப்டாப்பில் ‘ஆன் பேட்டரி’, ‘பிளக்டு இன்’ என இரண்டு வரி இருக்கும். பேட்டரியில் இருக்கும்போது டிஸ்க் நிற்பது நல்லதுதான் என்பதால், ‘பிளக்டு இன்’னை மட்டும் மாற்றினால் போதும்.

பலர் தவறவிடும் விஷயம்: இந்த அமைப்பு ஒவ்வொரு பவர் பிளானுக்கும் தனித்தனி. ‘பேலன்ஸ்டு’ பிளானில் மாற்றிவிட்டு ‘பவர் சேவர்’க்குப் போனால் பழைய நேரம் அங்கே காத்திருக்கும். லேப்டாப்போடு வரும் நிறுவன மென்பொருள்கள் தாமாகவே பிளானை மாற்றுவதுண்டு. சரிசெய்தது ஒரு வாரத்தில் திரும்பி வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

டிஸ்கை எப்போதும் சுழலவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடாதா என்று கேட்பீர்கள். மோட்டாருக்கு அதிகச் சுமை நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான்; 3.5 அங்குல டிஸ்க் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் இணைப்பிலிருந்து ஏறத்தாழ 2 ஆம்பியர்வரை இழுக்கும். ஒரு நாளில் இருபது தடவை நிறுத்திக் கிளப்புவதைவிடச் சீராக ஓடவிடுவதே அதற்கு இதம். செலவு என்று பார்த்தால், சும்மா சுழலும் டிஸ்க் சுமார் 5 வாட் எடுக்கும். 24 மணி நேரத்துக்கு 120 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. தினமும் பலமுறை தொடும் டிஸ்க் என்றால் ‘நெவர்’தான் சரி. எப்போதாவது தொடும் டிஸ்க் என்றால் 120 அல்லது 180 நிமிடம் வையுங்கள். உங்கள் வழக்கமான இடைவெளியைவிடக் கொஞ்சம் குறைவான நேரத்தை வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்: டிஸ்க் நின்ற சற்று நேரத்தில் நீங்கள் வந்து எழுப்புவீர்கள்.

மாற்றியும் ஹேங் நிற்கவில்லையா?

அப்படியானால் டிஸ்கைத் தூங்க வைப்பது விண்டோஸ் அல்ல. ஹார்ட் டிஸ்கின் ஃபர்ம்வேருக்குள்ளேயே (டிஸ்கை இயக்க அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏ.பி.எம். என்ற மின்சேமிப்பு நிலை ஒன்று உண்டு. 1 முதல் 254 வரை எண் வைக்கலாம். 127 வரை டிஸ்க் தானாக நின்றுகொள்ள அனுமதி உண்டு, 128 முதல் இல்லை. 254 என்றால் முழுவேகம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ‘ஃபங்ஷன்’, ‘அட்வான்ஸ்டு ஃபீச்சர்’, ‘ஏ.ஏ.எம்./ஏ.பி.எம். கன்ட்ரோல்’ வழியாகப் போய் 254 ஆக்கலாம். சில டிஸ்குகளில் கணினியை அணைத்துப் போட்டதும் இது பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். அதே மெனுவில் ஒவ்வொரு முறையும் தானாக அமைக்கும் வசதியும் உண்டு. எல்லா டிஸ்கும் இதை ஏற்பதில்லை. ஏற்காத டிஸ்கில் அந்தப் பட்டன் மங்கலாக இருக்கும்.

யூ.எஸ்.பி. எக்ஸ்டர்னல் டிரைவ் வேறு கதை. அதன் பெட்டிக்குள் இருக்கும் சிறிய இணைப்புச் சிப் தனக்கென ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு, விண்டோஸ் சொல்வதைக் கேட்காமல் டிஸ்கை நிறுத்தும். தயாரிப்பு நிறுவனமே தரும் மென்பொருளில் ‘ஸ்லீப் டைமர்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘டிரைவ் யுடிலிட்டீஸ்’ மென்பொருளில் உண்டு. அதோடு அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸில் ‘யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்’ வரியை ‘டிஸேபிள்டு’ ஆக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘யூ.எஸ்.பி. ரூட் ஹப்’ ஒவ்வொன்றின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியிலும் மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

எதற்கும் அசையாத எக்ஸ்டர்னல் டிரைவுக்குக் கடைசி வழி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதில் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை எழுதும் மென்பொருள். ‘கீப் அலைவ் எச்டி’ அந்த வகை. எழுத வேண்டும் என்பது முக்கியம்: ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்பப் படித்தால் விண்டோஸ் அதை ரேமிலிருந்தே கொடுத்துவிடும், கோரிக்கை டிஸ்கைப் போய்ச் சேராது, டிஸ்க் தூங்கிவிடும்.

மின்சாரத்தையும் பாருங்கள். 2.5 அங்குல டிரைவ் சுழலத் தொடங்கும்போது சுமார் 1 ஆம்பியர்வரை கேட்கும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. முன்பக்கப் போர்ட்டிலோ, தனி அடாப்டர் இல்லாத ஹப்பிலோ மாட்டியிருந்தால் எழவே திணறும், சில சமயம் இணைப்பே அறுந்து திரும்ப வரும். பின்பக்கப் போர்ட்டில் நேரடியாக, நீளம் குறைந்த கேபிளில் மாட்டுங்கள். டெஸ்க்டாப்புக்குள் ஒரே மின்கேபிளைப் பிரித்து நாலைந்து டிஸ்குக்குக் கொடுத்திருந்தாலும் இதே திணறல் வரும்.

தூங்கட்டும், ஆனால் யாரும் எழுப்பக்கூடாது என்றால்

பேக்கப்புக்காக மட்டும் ஒரு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிதான் பொருந்தும். அதை எழுப்புவது யார் என்று கண்டுபிடிக்க, ரிசோர்ஸ் மானிட்டரின் ‘டிஸ்க்’ பகுதியைத் திறந்து வையுங்கள். ‘டிஸ்க் ஆக்டிவிட்டி’யில் எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று முழுப் பாதையோடு வரும், அந்த டிரைவின் எழுத்தில் தொடங்கும் வரிகளை மட்டும் கவனியுங்கள்.

அடிக்கடி மாட்டுவது இவை: டிரைவுக்கு நகர்த்தப்பட்ட டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்கள், ‘இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் (தேடலுக்காக விண்டோஸ் முன்கூட்டிப் படித்துவைக்கும் இடங்கள்) அந்த டிரைவ், எக்ஸ்ப்ளோரரின் முகப்பில் காட்டப்படும் அண்மைய ஃபைல்கள் (ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் டிக்கை எடுக்கலாம்), டெஸ்க்டாப்பில் இருந்து அங்கே சுட்டும் ஷார்ட்கட், ஆன்டிவைரஸின் முழு ஸ்கேன். பேஜ் ஃபைல் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் அதை உடனே எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். நினைவகம் நிரம்பும் நேரத்தில் விண்டோஸே டிஸ்குக்காகக் காத்திருக்க நேர்ந்தால், எக்ஸ்ப்ளோரர் மட்டுமல்ல, எல்லாமே நிற்கும்.

இவ்வளவும் செய்தாலும் ‘சேவ் ஆஸ்’ பெட்டி எழுப்பத்தான் செய்யும். அதனால் பேக்கப் டிஸ்கை வேலை முடிந்ததும் ‘ஆஃப்லைன்’ ஆக்கிவிடுவதோ, எக்ஸ்டர்னல் என்றால் ‘இஜெக்ட்’ செய்து கழற்றி வைப்பதோதான் உண்மையான தீர்வு. எந்நேரமும் மாட்டியிருக்கும் பேக்கப், கணினியில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்தால் மூலத்தோடு சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும். அந்த வகையிலும் கழற்றி வைப்பது நல்லது.

நெட்வொர்க்கில் இருக்கும் என்.ஏ.எஸ். என்ற சேமிப்புப் பெட்டியை ஒரு டிரைவ் எழுத்தாக இணைத்திருந்தாலும் இதே ஹேங் வரும். விண்டோஸ் அமைப்பு அதை ஒன்றும் செய்யாது. அந்தப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் டிஸ்க் ஹைபர்னேஷன் நேரத்தை நீட்ட வேண்டும்.

லினக்ஸ், மேக்

க்னோம் டெஸ்க்டாப் உள்ள லினக்ஸில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ‘டிரைவ் செட்டிங்ஸ்’ போங்கள். ‘ஸ்டான்ட்பை’ பகுதியில் நேரத்தை ‘நெவர்’ ஆக்கலாம், அடுத்த பகுதியில் ஏ.பி.எம். எண்ணையும் மாற்றலாம். மறுபடி கணினியைத் தொடங்கினாலும் இது நிலைத்திருக்கும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் ‘எனர்ஜி’ பகுதியில், மேக்புக் என்றால் ‘பேட்டரி’யின் ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே, முடிந்தபோதெல்லாம் ஹார்ட் டிஸ்கைத் தூங்க வை என்ற தேர்வை அணையுங்கள்.

சரியாகிவிட்டதா என்று எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ‘04’ வரி, தட்டுகள் நின்று கிளம்பிய மொத்தத் தடவைகள். ‘0சி’ வரி, டிஸ்குக்கு மின்சாரம் போய்த் திரும்ப வந்த தடவைகள். கணினியை அணைத்துப் போடும்போது இரண்டும் சேர்ந்தே ஒன்று ஏறும். மின்சாரம் இருக்கும்போதே டிஸ்க் தூங்கி எழுந்தால் ‘04’ மட்டும் ஏறும். ஆக, முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது, ஏறத்தாழ, டிஸ்க் இடையில் தூங்கி எழுந்த கணக்கு.

இன்று அந்த வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் கூடியிருந்தால் எங்கோ இன்னொரு கடிகாரம் ஓடுகிறது: வேறு பவர் பிளான், ஏ.பி.எம்., அல்லது யூ.எஸ்.பி. பெட்டியின் சிப். வித்தியாசம் அப்படியே இருந்தும் ஹேங் தொடர்ந்தால் டிஸ்கின் தூக்கத்தை விட்டுவிட்டு, ஈவென்ட் வியூவரில் ஹேங் ஆன நிமிடத்துக்குப் போய் அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.